யூனிவர்சிட்டி ஸ்டேடியத்தில் யாருக்காகக் கத்துவது?

திருவனந்தபுரத்துக்கு வரும் தமிழ்நாட்டுக்காரர்கள் பத்மநாபசுவாமி கோயில், சாலைக் கடைத்தெரு, மிருகக்காட்சிசாலை என்று ஒரு சுற்று முடித்துவிட்டு ரயில் ஏறிவிடுவார்கள். பாளையம் பக்கம் வந்தாலும் பள்ளிவாசல், மாதா கோயில், பிள்ளையார் கோயில் மூன்றும் அக்கம்பக்கத்தில் இருப்பதைப் படம் எடுப்பதோடு சரி. அங்கிருந்து நடந்துபோகிற தூரத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ். அதை ஒட்டியே யூனிவர்சிட்டி ஸ்டேடியம். ஒரு மாநிலத் தலைநகரத்தின் நடு வயிற்றில், நிலம் சென்ட் கணக்கில் விலைபோகிற இடத்தில், ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக இவ்வளவு பெரிய ஸ்டேடியம் இருப்பது சாதாரண விஷயமில்லை.

நம் ஊர் ஶ்ரீகாந்த் 1988 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகச் சதம் அடித்தது இங்கேதான். ஃபில் சிம்மன்ஸ் பதிலுக்கு ஒரு சதம் அடித்து ஆட்டத்தைப் பறித்துக்கொண்டு போனார், அது வேறு கதை. நான் பேச வந்தது கிரிக்கெட் அல்ல. கால்பந்தைப் பற்றி. அதிலும், ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி ஒரு ஊரே கத்துமா என்பதைப் பற்றி.

கத்தும். மெக்சிகோ சிட்டியில் கத்துகிறார்கள். உனாம் என்று அழைக்கப்படும் மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்துக்குத் தொழில்முறை கால்பந்து கிளப் ஒன்று உண்டு. பேர் பூமாஸ். 1954இல் தொழில்முறைப் போட்டிக்குள் வந்து, 1962இல் முதல் டிவிஷனுக்கு ஏறியது. நெஞ்சு நிறைய ஒரு பூமாவின் முகம் வரைந்த நீலமும் தங்கமுமான ஜெர்சியை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். வலைக்கு முன் நின்றபடி கண்ணைப் பறிக்கும் வண்ணச் சட்டை போட்ட ஹோர்ஹே காம்போஸ், 94 உலகக் கோப்பை பார்த்தவர்களுக்கு மறந்திருக்காது. அவர் இந்தக் கிளப்பின் பிள்ளை. கோல்கீப்பராக இருந்துகொண்டே பூமாஸுக்காக முன்வரிசையில் ஆடி கோலும் போட்டவர். ரியல் மாட்ரிடில் கொடிகட்டிப் பறந்த ஹூகோ சான்செஸ் இங்கே ஆடிக்கொண்டே உனாமில் பல் மருத்துவம் படித்து முடித்தவர். பின்னாளில் பயிற்சியாளராகத் திரும்பிவந்து 2004இல் ஒரே ஆண்டில் இரண்டு பட்டம் வாங்கித் தந்தார். 2011இல் ஏழாவது லீக் பட்டம் கிடைத்தது. அதன் பின் நெடிய வறட்சி. ரசிகர்கள் அதற்காகக் கலைந்துபோகவில்லை.

அவர்கள் ஆடும் ஒலிம்பிக் பல்கலைக்கழக ஸ்டேடியம் 1952இல் திறக்கப்பட்டது. பழைய எரிமலைக் குழம்பு உறைந்து கிடந்த பாறைக்காட்டில் குழித்துக் கட்டியது. முகப்பில் தியேகோ ரிவேரா வண்ணக் கற்களைப் பதித்துச் செய்த பெரிய புடைப்போவியம். ஸ்டேடியம் முழுவதையும் சுற்றி அதைச் செய்ய நினைத்தவர் பாதியில் விட்டுவிட்டார். 1968 ஒலிம்பிக்கின் தொடக்க விழா இங்கேதான். அந்த வருடம் செப்டம்பரில் ராணுவம் இதே வளாகத்துக்குள் புகுந்து மாணவர்களைப் பிடித்தது. அக்டோபர் 2ஆம் தேதி திலாத்தெலோல்கோ சதுக்கத்தில் சுட்டுக் கொன்றது. பத்தாவது நாள் இங்கே புறா பறக்கவிட்டார்கள். அடுத்த நான்காம் நாள் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் கறுப்புக் கையுறை அணிந்த முஷ்டியை உயர்த்தினார்கள், அதே மைதானத்தில்.

கேரள நண்பர்களுக்கு இன்னொரு தகவல் சொல்லி நான் வம்புக்கு இழுப்பது வழக்கம். இங்கே உலகக் கோப்பை வந்தால் ஆற்றுக்கு நடுவில்கூட அர்ஜென்டினா கட்-அவுட் நிற்கும். அந்தப் பைத்தியம் பிடித்தது 1986இல், தூர்தர்ஷன் வழியாக. அந்த உலகக் கோப்பையில் மரடோனாவின் அணி முதல் ஆட்டத்தைத் தென் கொரியாவோடு ஆடியது இந்தப் பல்கலைக்கழக மைதானத்தில். மூன்று கோலுக்கும் பந்தை எடுத்துக் கொடுத்தவர் மரடோனா. பல்கேரியாவை வென்றதும் இங்கேதான். ஆக, உங்கள் அர்ஜென்டினா காதலின் முதல் அத்தியாயம் ஒரு யூனிவர்சிட்டி ஸ்டேடியத்தில் எழுதப்பட்டது சேட்டா என்பேன். அதே 1986இன் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தில் நேரு கோப்பை நடந்து, சோவியத் அணி இங்கிருந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. அதை இப்போது யாரும் பேசுவதில்லை.

பூமாஸைப் பற்றி எனக்கு வியப்பு பட்டங்களில் இல்லை. கேலரியில் இருப்பவர்கள் யார் என்பதில்தான். உனாமில் மூன்றரை லட்சத்துக்கு மேல் மாணவர்கள், கட்டணம் பேருக்குச் சில காசு. இருந்தாலும் ஸ்டேடியத்தில் ஞாயிற்றுக்கிழமை நண்பகல் வெயிலில், ஆமாம் நட்டநடுப் பகலில்தான் அவர்கள் வழக்கமாக ஆடுவது, உட்கார்ந்திருக்கும் எல்லோரும் அங்கே படித்தவர்கள் அல்ல. டாக்சி ஓட்டுபவர், சந்தையில் கடை போட்டிருப்பவர், நுழைவுத் தேர்வில் தோற்றவர், மகளாவது அங்கே சேரவேண்டும் என்று நினைக்கிற அம்மா. எல்லோரும் கை முஷ்டியை உயர்த்தி 'கோயா' என்ற முழக்கத்தைப் போடுகிறார்கள். கோயா என்பது பழைய மெக்சிகோ சிட்டியில் இருந்த ஒரு சினிமாக் கொட்டகையின் பெயர் என்றும், வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு மாணவர்கள் அங்கே ஓடுவதற்குக் கொடுத்த சமிக்ஞைதான் முழக்கமாயிற்று என்றும் கதை சொல்வார்கள். கதை எவ்வளவு உண்மையோ, கட் அடித்த கூட்டத்தின் கூச்சல் ஒரு பல்கலைக்கழகத்தின் அடையாளமாகிவிட்டது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. எதிரணி அமெரிக்கா என்ற கிளப். நெடுங்காலம் அதன் உரிமையாளராக இருந்தது தெலெவிசா என்ற பெரும் தொலைக்காட்சி நிறுவனம். பல்கலைக்கழகம் ஒரு பக்கம், டிவி கம்பெனி மறு பக்கம். சண்டைக்கு வேறென்ன வேண்டும்?

எல்லாம் தேனும் பாலும் என்று நினைக்கவேண்டாம். 1985 மே மாதம் இந்த இரண்டு அணிகளின் இறுதிப் போட்டிக்கு, கொள்ளும் அளவுக்கு மேல் கூட்டம் வந்து, 29ஆம் எண் வாயில் சுரங்கத்தில் நெரிசலில் எட்டுப் பேர் செத்தார்கள். ரசிகர் கும்பல்களுக்கும் போலீசுக்கும் தகராறு அவ்வப்போது உண்டு.

இப்போது பாளையத்துக்கு வருவோம். நம்மிடமும் பல்கலைக்கழகம் இருக்கிறது, மைதானம் இருக்கிறது, கால்பந்து வெறி இருக்கிறது. கேரளப் பல்கலைக்கழகத்துக்கு அணியும் உண்டு. அகில இந்திய அளவில் பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடக்கும் போட்டிகளுக்குப் போகும், வரும். கேரளத்தில் இந்தப் போட்டியில் பெரும் பெயர் வாங்கியது கோழிக்கோடு பல்கலைக்கழகம். ஆனால் அந்த ஆட்டங்களைப் பார்க்க யார் போகிறார்கள்? ஆடுகிற பையன்களின் நண்பர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள், அடுத்த ஆண்டுக்கு ஆள் தேடும் அலுவலக அணிகளின் பயிற்சியாளர்கள். அவ்வளவுதான்.

அந்த மூன்றாவது வகை ஆட்களில்தான் இந்த ஊரின் கால்பந்துக் கதையே இருக்கிறது. திருவனந்தபுரத்தில் கால்பந்தை வளர்த்தது பல்கலைக்கழகமும் அல்ல, கிளப்பும் அல்ல, ஆபீஸ். கொச்சுவேளியில் இருக்கும் டிராவன்கோர் டைட்டானியம் தொழிற்சாலைக்கு அணி. ஸ்டேட் பேங்க் ஆஃப் டிராவன்கோருக்கு அணி. ஏஜீஸ் ஆபீசுக்கு அணி. மின்வாரியத்துக்கு அணி. எல்லாவற்றுக்கும் மேலே கேரள போலீஸ். கல்லூரியில் நன்றாக ஆடுகிற பையன் மூன்றாம் வருடம் வருவதற்குள் இந்த அணிகளில் ஏதாவது ஒன்றின் கண்ணில் பட்டுவிடவேண்டும். பட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. காலையில் பயிற்சி, பிறகு கவுன்டரிலோ கோப்புகளுக்கு நடுவிலோ உட்காருவது, சீசன் வந்தால் ஆன் டியூட்டி. ஆட்டம் முடிந்து கால் தளர்ந்த பிறகும் ஓய்வு பெறும் வயது வரை சம்பளம், அப்புறம் ஓய்வூதியம்.

இதைக் கிண்டல் செய்பவர்களை எனக்குப் பிடிக்காது. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்றுக்கொண்டிருந்த ஐ.எம். விஜயனைக் கண்டெடுத்து வேலை கொடுத்தது போலீஸ் அணி. டி.ஜி.பி. எம்.கே. ஜோசப் 1984இல் தொடங்கிவைத்த அந்த அணியில் வி.பி. சத்யன், பாப்பச்சன், ஷரஃப் அலி, குரிகேஷ் மேத்யூ என்று ஒரு தலைமுறையே சேர்ந்தது. 1990இல் திருச்சூரில் சால்கோக்கரை வென்று ஃபெடரேஷன் கோப்பை. அடுத்த ஆண்டு கண்ணூரில் மறுபடியும். ஒரு மாநிலத்தின் காவல்துறை இந்தியாவின் பெரிய கிளப்புகளை இரண்டு வருடம் தொடர்ந்து ஓரங்கட்டியது. விஜயன் கொல்கத்தா போனார், புகழின் உச்சிக்குப் போனார், திரும்பிவந்து அதே காவல்துறையில் அதிகாரியாக 2025இல் ஓய்வு பெற்றார்.

மறுபக்கத்தில் எஃப்சி கொச்சினைப் பாருங்கள். 1997இல் பெரும் ஆரவாரத்தோடு தொடங்கிய தொழில்முறைக் கிளப். விஜயன், ஜோ பால் அஞ்சேரி எல்லாம் ஆடினார்கள். முதல் வருடமே டியூரண்ட் கோப்பை. சில ஆண்டுகளில் பணம் தீர்ந்து கடை மூடிவிட்டது. வேலையை விட்டுவிட்டு அங்கே போன பையனின் அம்மா அப்போது என்ன நினைத்திருப்பார்? பொழியூர்ப் பக்கம் போய்க் கேட்டுப்பாருங்கள், பதில் கிடைக்கும்.

பொழியூர் கேரளத்தின் தென்கோடி மீனவ ஊர். அதற்கு அடுத்து நம் நீரோடி, குமரி மாவட்டம். கோடு ஒன்றைத் தாண்டினால் மொழியின் பெயர் மாறும், பேச்சு பெரிதாக மாறாது, பந்து மாறவே மாறாது. இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். வரை போனார். பொழியூரிலிருந்து சந்தோஷ் கோப்பைக்கு ஆடியவர்கள் பலர். 2018இல் கொல்கத்தாவில் வங்கத்தைப் பெனால்டி ஷூட்அவுட்டில் வென்ற கேரள அணியில் இருந்த சீசன் இந்த ஊர்க்காரர். கடலரிப்பு ஒவ்வொரு பருவத்திலும் கரையைத் தின்கிறது. மணல் இருக்கிற இடத்தில் பையன்கள் கம்பு நட்டு ஆடுகிறார்கள். ஈர மணலில் பந்து உருளாது, சக் சக்கென்று நின்றுவிடும். அதனால் தூக்கிவிடவேண்டும், பாதத்தின் மேற்பகுதியால் கிண்டி எடுக்கவேண்டும். புல்தரையில் இவர்கள் ஆடும்போது முதல் தொடுகையிலேயே பந்து கொஞ்சம் எழும்பும். கரைப் பையன் என்று தெரிந்துவிடும். அங்கே ஒரு பெரியவர், மகன் அணியில் சேர்ந்த செய்தியை என்னிடம் சொன்னவர், எந்த அணி, எந்த இடத்தில் ஆடுகிறான் என்று ஒன்றும் சொல்லவில்லை. "ஜோலி கிட்டி" என்றார். கடலுக்குப் போகவேண்டாம் என்று அர்த்தம்.

ஆகவே ஆபீஸ் அணிகளுக்கு என் வணக்கம். ஆனால் ஒன்று: அவை வீரனுக்குச் சொந்தமாயின, பார்ப்பவனுக்கு ஆகவில்லை. யோசித்துப் பாருங்கள், பாஸ்புக் வைத்திருக்கிறோம் என்பதற்காக ஒரு வங்கிக்கு விசில் அடிப்போமா? 2017 ஏப்ரல் 1 அன்று எஸ்.பி.டி. பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்தது. திருவிதாங்கூரின் பெயர் தாங்கிய வங்கி போகிறதே என்று இந்த ஊரில் பெரிய வருத்தம் இருந்தது, ஊழியர்கள் போராடினார்கள். அணியின் ஜெர்சியில் பெயர் மாறியதற்காக வருந்திய ஒரு ரசிகரை நான் சந்தித்ததில்லை. வீரர்களின் பெயரைக் கேட்டால் வரிசையாகச் சொல்வார்கள். டைட்டானியம் நஜீமுதீன் என்று பெயரோடு தொழிற்சாலையைச் சேர்த்தே சொல்லும் பழைய ஆட்கள் உண்டு. அங்கேயும் ஆள்தான் முக்கியம், தொழிற்சாலை இனிஷியல்.

இந்த இடத்தில்தான் பல்கலைக்கழகம் வேறு மாதிரி என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு என் வீட்டிலேயே சாட்சி உண்டு. பெரியப்பா நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். 1937இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் வந்தபோது நாகர்கோவில் திருவிதாங்கூருக்குள் இருந்தது. அவருடைய பட்டச் சான்றிதழில் இருப்பது அந்தப் பெயர். 1956இல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அடுத்த வருடம் பல்கலைக்கழகம் கேரளப் பல்கலைக்கழகம் ஆயிற்று, கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்துக்கும், 1990க்குப் பிறகு மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கும் போயிற்று. (சுந்தரனார் பாடம் நடத்தியது திருவனந்தபுரத்தில் என்பது ஒரு வேடிக்கை. சுற்றிச் சுற்றிச் சுப்பரின் கொல்லைதான்.) எல்லைப் போராட்டத்தில் முழு மூச்சாகத் தமிழ்நாட்டின் பக்கம் நின்றவர் பெரியப்பா. ஆனாலும் என்னோடு பாளையம் வழியாக நடக்கும்போதெல்லாம் செனட் ஹவுஸ் பக்கம் கையைக் காட்டி, "லே மக்கா, இது நம்ம யூனிவர்சிட்டி பாத்துக்கோ" என்பார். மாநிலம் மாறியது, ஆட்சி மொழி மாறியது, அந்த 'நம்ம' மாறவில்லை. வங்கிக்கோ மின்வாரியத்துக்கோ அந்தச் சொல்லை அவர் செலவழித்ததே இல்லை.

இந்தச் சொந்தத்தைக் கால்பந்துக்கு யாரும் பயன்படுத்திக்கொள்ளவில்லை. நிலத்தை மட்டும் பயன்படுத்திக்கொண்டார்கள். காரியவட்டத்தில், அதே பல்கலைக்கழகத்தின் வளாக நிலத்தில், 2015 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக கிரீன்ஃபீல்ட் ஸ்டேடியம் கட்டப்பட்டது. ஐம்பதாயிரம் பேர் உட்காரலாம். 2016 ஜனவரி 3 அன்று தெற்காசியக் கால்பந்து இறுதிப் போட்டி அங்கே நடந்தது. ஆப்கானிஸ்தான் முதலில் கோல் போட்டது, ஜேஜே சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி முடித்தார். அன்றைக்கு அந்த மைதானத்துக்குக் கால்பந்து மைதானம் என்ற ஜாதகம் எழுதியாகிவிட்டது என்று பலர் நினைத்தார்கள். 2017 நவம்பரில் நியூசிலாந்துடன் எட்டு ஓவர் மழை கிரிக்கெட் ஒன்று நடந்தது. அதோடு ஜாதகம் மாறிவிட்டது. இப்போது அங்கே நடுவில் பிட்ச், சுற்றி பவுண்டரி கயிறு. எனக்குக் கிரிக்கெட்டின் மேல் கோபமில்லை. நானும் டிக்கெட் வாங்கிப் போகிறவன்தான். ஆனால் ஒரே பல்கலைக்கழகத்தின் நிலத்தில் இரண்டு ஸ்டேடியம் இருந்தும், அதன் பெயரில் கத்துவதற்கு ஓர் அணி இல்லை என்பது உறுத்துகிறது.

கத்த ஆள் இல்லாமலா? 2024இல் சூப்பர் லீக் கேரளா தொடங்கி, நகரத்துக்கு 'திருவனந்தபுரம் கொம்பன்ஸ்' என்ற கிளப் வந்தபோது அந்தச் சந்தேகமும் தீர்ந்தது. பயிற்சியாளர் பிரேசில்காரர், கேப்டன் பாட்ரிக் மோட்டா பிரேசில்காரர். ஆட்டம் சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியத்தில். பாருங்கள், அதுவும் போலீசுக்குச் சொந்தமானது! விளக்கு வெளிச்சம், செண்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஐ.டி. பார்க்கிலிருந்து அடையாள அட்டையைக் கழற்றாமல் வந்தவர்கள். எனக்கு முன் வரிசையில் கடற்கரையிலிருந்து வேன் பிடித்து வந்த ஒரு கூட்டம். பிரேசில்காரர் பந்தை எடுத்தால் கைதட்டினார்கள். உள்ளூர்ப் பையன் எடுத்தால் எழுந்து நின்றார்கள், வீட்டுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், தப்பாகத் தட்டினால் அவன் அப்பாவின் பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். கொம்பன்ஸ் முதல் சீசனிலேயே அரையிறுதி வரை போனது, பின்னர் கோப்பையையும் வென்ற காலிகட் எஃப்சியிடம் தோற்றது. கிளப் நீடிக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். முதலாளிகளின் பணத்தில் ஓடுகிற கிளப்புகளின் ஆயுள் ரேகை எப்படி இருக்கும் என்பதை எஃப்சி கொச்சின் காட்டிவிட்டுப் போயிருக்கிறது.

பல்கலைக்கழகமே கிளப்பை நடத்தவேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிண்டிகேட் கூட்டத்தில் கோல்கீப்பர் நியமனம் எந்த அஜெண்டாவில் வரும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. மெக்சிகோவிலும் பூமாஸை அன்றாடம் நடத்துவது தனி அமைப்பு. பெயர், சின்னம், மைதானம், மானம் பல்கலைக்கழகத்துடையது. மான்டெர்ரேயில் டிக்ரெஸ் என்று இன்னொரு பல்கலைக்கழகக் கிளப்; அதன் பின்னால் இருப்பது ஒரு சிமெண்ட் கம்பெனி. நமக்கு அவ்வளவு பெரிய கனவு வேண்டாம். கல்லூரி அணியில் ஆடுகிற பையன்களை ஒரே பெயரில் சேர்த்துக் கேரளா பிரீமியர் லீக்கில் இறக்கலாம். அங்கே ஏற்கெனவே அலுவலக அணிகளும் கோவளம் எஃப்சி போன்ற கரையோரக் கிளப்புகளும் ஆடுகின்றன. ஆட்டத்தைப் பாளையத்தில் சாயங்காலம் வைக்கலாம். தலைமைச் செயலகத்திலிருந்து இறங்குகிற கூட்டம், ஹாஸ்டல் பிள்ளைகள், கன்னிமாரா மார்க்கெட்டில் கடை கட்டிவிட்டு வருபவர்கள் என்று ஆள் சேரும். டிக்கெட்டை ஒரு பிரியாணி விலைக்கு மேல் வைக்கக்கூடாது. படிப்பு முடிந்ததும் பையன் போலீசுக்கோ வங்கிக்கோ போகட்டும், கொம்பன்ஸுக்குப் போகட்டும். அவன் அம்மாவுக்கும் நிம்மதி, நமக்கும் அடுத்த வருடம் புதுப் பையன்.

இதையெல்லாம் என் ஆபீஸ் நண்பரிடம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொட்டித் தீர்த்தேன். களியிக்காவிளைக்காரர், படித்தது முழுக்கத் தமிழ்நாட்டில், கேரளப் பல்கலைக்கழக வாசலை மிதித்ததுகூட இல்லை. மோரில் சோற்றைப் பிசைந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டார். இது நடக்காது அண்ணாச்சி, நடந்தாலும் முதல் வருஷமே கட்சிக்காரர்கள் பங்கு கேட்பார்கள், இரண்டாம் வருஷம் கோர்ட்டில் நிற்கும் என்று புள்ளிவிவரமாக விளக்கினார். கை கழுவப் போனவர் பாதி வழியில் திரும்பி, "ஒருவேளை ஜெர்சி போட்டாங்கன்னா எனக்கு ஒண்ணு சொல்லி வையுங்க, எக்ஸ்எல்" என்றார்.